ஷரோனின்ரை சைக்கிளும் மாதாவும்

யோசப்புக்கு விசர் எண்டு நான் அப்பவே சொன்னனான். ஆர் கேட்டது?

நாங்கள் ரெண்டுபேரும் வெக்ஸ்போர்ட்டிலை ஒரே கட்டடத்திலை இருக்கிறம், ஒரே பஸ் யார்ட்டிலையிருந்து ஸ்கூல் பஸ் ஓடுறம். யோசப் ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேளாதவன். காய்ச்சல் எண்டாலும் லீவு கேட்கமாட்டான். ஒரே மகள் ஷரோனுக்குத் தலைக்குள்ளை கட்டி எண்டு டொக்டர் சொன்ன அண்டைக்குத்தான் முதன்முதலாக் கேட்டான், அதுவும் மாதாவிட்டை. சுவிஸிலை மரியஸ்ரைன் எண்டொரு மாதா கோயில், எங்கடை சனம் கூட்டமாப் போற இடம். ஒப்பரேசனுக்கு முதல் மகளின்ரை சைக்கிளிலையே வந்து மெழுகுதிரி கொளுத்துறன் எண்டு நேர்ந்துபோட்டான். முழங்கால் தேய்ஞ்ச மனுசன், ஸ்ரேசனிலையிருந்து கோயிலுக்கு நடக்க ஏலாது, அதுதான் சைக்கிள்.

அங்கை ஒண்டை வாடகைக்கு எடன் எண்டன். அவளின்ரை சைக்கிள் எண்டு வாய்விட்டுச் சொல்லிப்போட்டனே அண்ணை எண்டான். பிறகென்ன, நானே கழட்டிப் பைக்குள்ளை போட்டுக் குடுத்தன். பாரிஸ் மட்டும் பிளேன், அங்கையிருந்து சுவிஸுக்கு றெயில். அந்த றெயிலிலை பைக்குள்ளை கிடந்தால் அது லகேஜ். கழட்டாமல் முழுசாப் பூட்டின சைக்கிள் எண்டால் முன்கூட்டியே இடம் பிடிக்கவேணும். படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினன்.

பாரிஸிலை அவன்ரை மச்சான் றொய்சன் வீட்டிலை ஒரு இரவு தங்கல். றொய்சனுக்குப் பாசம் பொங்கிப்போச்சு. கழட்டின சைக்கிளை எப்பிடிச் சாமியாரிட்டைக் காட்டி மந்திரிக்கிறது எண்டு எல்லாத்தையும் இறுக்கிப் பூட்டி, துடைச்சு, கோயிலிலை தீர்த்தம் தெளிப்பிச்சு, அப்பிடியே ஸ்ரேசனுக்கு உருட்டிக்கொண்டு வந்திருக்கிறான். பையும் கழட்டுற சாவியளும் வீட்டிலை. யோசப் தடுத்திருப்பான் எண்டு நினைக்கிறியளோ? உவனாவது!

ஷரோனுக்கு மத்தியானம் ஒப்பரேசன். விடிய நானும் அவன்ரை மனுசி கிளடிஸும் ஆஸ்பத்திரியிலை பிள்ளையின்ரை கட்டிலடியிலை நிக்கிறம், போன் அடிக்குது. சைக்கிளோடை ஏறவிடமாட்டினமாம். சைக்கிளுக்குரிய இடமெல்லாம் முடிஞ்சுதாம், அடுத்த றெயிலிலையும் இல்லையாம். அவன் ஆரிட்டையோ மை டோட்டர், மை டோட்டர் எண்டு கெஞ்சிறது எங்களுக்குக் கேட்குது. சைக்கிளை விட்டிட்டு ஏறடா எண்டு கத்தினன். சொன்ன சொல்லு தவறினால் மாதா பிள்ளையை எடுத்துப்போடுவா எண்டு குழறி அழுதான். றெயில் போற சத்தமும் கேட்டுது.

ஷரோன் போனை வாங்கினாள்.

"அப்பா, எனக்குப் பயமாக் கிடக்கு. எனக்கு மாதா வேண்டாம். நீங்கள் வாங்கோ."

அவன் சைக்கிளை றொய்சன்ரை கையிலை குடுத்திட்டு நேரே எயாப்போட்டுக்குப் போனவன். மற்றநாள் பிள்ளை கண் முழிக்கேக்கை கட்டிலடியிலை நிண்டான். ஜக்கெற் பொக்கற்றுக்குள்ளை மெழுகுதிரி ரெண்டா முறிஞ்சு கிடந்தது. அவள் அவன்ரை விரலைப் பிடிச்சபடி திரும்பவும் நித்திரையாப் போனாள். நானும் எல்லாம் முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன்.

போன கிழமை ஸ்கானிலை திரும்பவும் ஏதோ தெரியுதாம். இன்னொருக்காத் தலையைத் திறக்கவேணுமாம். விடியக் காலமை யார்ட்டிலை பஸ்ஸை ஸ்ராட் பண்ணாமல் என்ரை பஸ் கதவடியிலை வந்து நிண்டான்.

"சைக்கிள் இன்னும் பாரிஸிலைதான் நிக்குது அண்ணை. நான் போறதோ, பிள்ளையோடை நிக்கிறதோ? நீங்களே சொல்லுங்கோ."

எல்லாத்துக்கும் வாய் காட்டுற நான், இறங்கிப்போய் அவன்ரை பஸ்ஸை ஸ்ராட் பண்ணிவிட்டன்.