கை படாத பண்டம்

பிரான்சில், லியோனில் நான் பார்த்துக்கொள்ளும் வயதான மதாம், டின்னைத் தன் கண்ணெதிரே திறந்தால்தான் சாப்பிடுவாள். மூடி உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பருப்பு சூப் வைத்துக் கொடுத்தேன். "என் கையாலேயே செய்தது, மதாம்" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பெருமையாகச் சொன்னேன். அவள் என் கைகளையே பார்த்தாள். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு, "புவாத்" என்றாள். டின் என்று அர்த்தம்.

எனக்குக் கோபம் வரவில்லை. நான் விருத்தாசலத்தில் வளர்ந்தவள்.

அப்பா பீங்கான் சூளையில் வேலை பார்த்தார். அவர் இறந்துபோனபின் அம்மா முறுக்கு சுட்டு விற்றாள். எங்கள் தெருவிலிருக்கும் மாதா கோயிலைத் தாண்டி அந்தப் பக்கம் ஒருவரும் வாங்கவில்லை. அந்தப் பக்கத்தார் எங்கள் சாதிக்காரர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள். கடைத்தெரு மளிகைக்காரர்தான் வழி சொன்னார்: "கவர்ல போட்டு ஒட்டிக் குடுங்கக்கா. லேபிள நான் பாத்துக்கறேன்." அம்மா மெழுகுவத்திச் சுடரில் கவரின் வாயை ஒட்டினாள். லேபிளில் எங்கள் பெயர் இல்லை. 'சுத்தமானது, கை படாதது' என்றிருந்தது. முறுக்கு பெண்ணாடம் வரை போனது. ரிட்டையரான வாத்தியார் ஒருவர் வாரம் தவறாமல் வாங்கினார். "பாக்கெட்டுன்னா ஒரு நம்பிக்கைதாங்க" என்பாராம். அதைச் சொல்லிச் சொல்லி அம்மா சிரிப்பாள்.

ஒருநாள் அவர் கடையில் நிற்கும்போதே அம்மா பையிலிருந்து பாக்கெட்டுகளை எடுத்து அடுக்கியிருக்கிறாள்.

"நீ மாதா கோயில் தெருதான? இது நீ போடறதா?"

"ஆமாங்க ஐயா, நான்தான்" என்றாள் அம்மா, பாராட்டுவார் என்று நினைத்து.

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, கை கழுவத் தண்ணீர் கேட்டார்.

மறுநாள் மளிகைக்காரர் ஒரு சாக்கு முறுக்கை எங்கள் வாசலில் இறக்கினார். "எல்லாரும் திருப்பிக் குடுக்கறாங்கக்கா. நான் கட நடத்தணும்ல." நமத்துப்போன பிறகும் அதையே தின்று தீர்த்தோம். வாத்தியார் வேறு கம்பெனி முறுக்குக்கு மாறிவிட்டார். அதை யார் சுட்டது என்று அவர் கேட்டதில்லை. அம்மா அதன்பின் வெளியாள் யாருக்கும் சமைத்துப் போட்டதில்லை.

போன லீவில் ஊருக்குப் போனேன். சீல் உடைக்காத தண்ணீர் பாட்டிலையும் பிரிக்காத ரொட்டிப் பாக்கெட்டையும் அம்மா கொண்டுவந்து வைத்தாள்.

"சோறு இல்லையாம்மா?"

"இருக்குது. வெளிநாட்டுலேர்ந்து வந்திருக்க, ஒனக்கு எதுக்கும்மா எங் கை சோறு?"

கேலியாகச் சொல்லவில்லை. நான் அடுப்படிப் பக்கம் போகப் பார்த்தேன். கையை நீட்டித் தடுத்தாள். விருந்தாளிகளுக்குப் போடும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பிறந்த வீட்டில் நான் அதில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் தனக்கு மட்டும் தட்டில் சோறு போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.