சைலன்சர் இல்லாத வண்டி

காஞ்சிபுரம் பூங்கா வாசலில் ‘மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை’ என்று பலகை இருக்கிறது. உள்ளூர் நண்பனின் புது பேட்டரி பைக்கோடு நான் நுழைந்துவிடுகிறேன். காவலாளி விசிலோடு ஓடி வந்து, குனிந்து சைலன்சரைத் தேடுகிறார்.

“பொகையும் இல்ல, சத்தமும் இல்ல. இன்னா வண்டிபா இது?”

“ஏறிப் பாருங்கண்ணே!”

பின்னால் ஏறிக்கொள்கிறார். நடைபாதையில் பறக்கிறோம். சத்தமே இல்லாததால் யாரும் விலகுவதில்லை. அவர் விசிலடித்து வழி வாங்குகிறார். நாமம் போட்ட பெரியவர் புல்லுக்குத் தாவுகிறார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“இன்னொரு ரவுண்டுபா!”

மூன்றாவது சுற்றில், வாசலுக்கு எதிர்க்கோடியில், பேட்டரி தீர்ந்து நிற்கிறோம். காவலாளி இறங்கித் தொப்பியைச் சரிசெய்கிறார். முகம் இறுகுகிறது.

“பார்க்குல வண்டி ஓட்டக் கூடாதுபா. தள்ளிக்கினு போ.”