மவுத்தார்கன் சாரின் மனைவி

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மீரு மவுத்தார்கன் சார் வாள்ள மேடம் கதா?" என்று கேட்டார். மவுத்தார்கன் சாரின் மனைவிதானே என்கிறார் எனப் புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எங்களை லோத்குண்டா காய்கறிக் கடையில் சேர்ந்து பார்த்திருக்கிறாராம். அமீர்பேட் மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமைகளில் சார் வாசிப்பதை நின்று கேட்டிருக்கிறாராம். ஹைதராபாத்துக்கு வந்த நான்கு ஆண்டுகளில் தெருவில் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டது அதுதான் முதல் தடவை. அதுவும் என் பெயரால் அல்ல. என் கணவர் இந்த ஊரிலும் மவுத்தார்கன் வாசிக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். சிநேகிதர்களைப் பார்க்கப் போவதாகத்தான் ஞாயிறு தவறாமல் சொல்லிவிட்டுப் போவார்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இந்த நகரத்துக்கு வேலை கிடைத்து வந்தவள் நான். என்னால் இங்கே வரவேண்டியிருந்தது அவருக்கு. கரூரில் ஜமுக்காளம், போர்வை ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர், எனக்கு மத்திய அரசு நிறுவனத்தில் வேலை கிடைத்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு செகந்திராபாத்தில் ஒரு போர்வைக் கடையில் விற்பனைக்கு நின்றார். வாங்க வருகிறவர்களோடு பேசிப் பேசியே தெலுங்கும் இந்த ஊர் உருதுவும் அவர் நாக்கில் ஏறிவிட்டன. நான் ஆபீசில் இந்தித் தேர்வு எழுதி நல்ல மார்க் வாங்கியவள். ஆனால் பால் பாக்கெட் கேட்டாலும் கடைக்காரர் என்னிடம் இங்கிலீஷில்தான் பதில் சொல்கிறார். என் கணவரிடம் மட்டும் வீட்டுக்கதையெல்லாம் பேசுகிறார்.

கல்யாணமான புதிதில் கரூரில் கரண்ட் போகும் மாலைகளில் மொட்டைமாடிக்குப் போவோம். அவர் சட்டைப்பையிலிருந்து மவுத்தார்கனை எடுத்து, தானே கட்டிய ஒரு மெட்டை வாசிப்பார். சினிமாப் பாட்டு இல்லை, பெயரும் இல்லை. "இது உனக்குன்னு போட்டது அம்மிணி" என்று ஒரு தடவை சொன்னார். இங்கே வந்த பிறகு அதை அவர் எடுத்து நான் பார்க்கவில்லை. கரண்ட் போகாத ஊர், அதனால்தான் போலிருக்கிறது என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் கிளம்பிச் சிறிது நேரம் கழித்து நானும் கிளம்பினேன். பரேடு கிரவுண்டு வரை பஸ், அங்கிருந்து மெட்ரோ. அமீர்பேட்டில் படியிறங்கும்போதே சத்தம் கேட்டது. கோச்சிங் சென்டர் பிள்ளைகள், மூட்டை தூக்குகிறவர்கள், கைக்குழந்தையோடு ஒரு பெண் என்று வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் கிட்டாரோடு ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் ஒரு பெண். டோலக்கோடு யூசுப் பாய் என்கிற பெரியவர். அவர்களுக்கு நடுவே, கண்ணை மூடிக்கொண்டு, என் கணவர். அவர் தோள் அப்படி இலகுவாக அசைந்து நான் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! அவர் வாசித்துக்கொண்டிருந்தது அந்த மெட்டு. டோலக் அடியில் அது இன்னும் வேகமாக, இன்னும் அழகாக இருந்தது. முன்வரிசையில் ஒரு பையன் அதை விசிலடித்தான். அவனுக்கு அது மனப்பாடமாகியிருந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. வேறு சொல் தெரியவில்லை. ஒரு பெண்ணோடு பார்த்திருந்தால் சண்டை போடலாம். ஒரு ஊரோடு எப்படிச் சண்டை போடுவது? வாசிப்பு நின்றதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே யூசுப் பாயிடம் போய், என் தேர்வு இந்தியில், "யே மேரா கானா ஹை" என்றேன். இது என் பாட்டு என்று அர்த்தம். ஆனால் நம் தமிழ் நாக்கில் பாட்டும் சாப்பாடும் ஒரே 'கானா'தானே. அவர் பதறிப்போய், "கானா? ஹவ் பாபி, பஹலே காலோ. பூகே பேட் கைக்கு கடே?" என்று சொல்லி, பக்கத்திலிருந்த பொட்டலத்திலிருந்து ஒரு மிர்ச்சி பஜ்ஜியை என் கையில் வைத்தார். பசியோடு ஏன் நிற்கிறீர்கள் அண்ணி, முதலில் சாப்பிடுங்கள் என்கிறார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். என் கணவரும் என்னைப் பார்த்து, திகைத்து, பிறகு அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அந்த பஜ்ஜியை நின்ற இடத்திலேயே தின்றேன். கண்ணில் நீர் வந்தது. மிளகாய் காரம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது மெட்ரோவில் கேட்டேன். "ஏனுங்க, அது நம்ம பாட்டுதானுங்களே?"

"உனக்கு ஞாபகம் இருக்குதா அம்மிணி? நீ மறந்திருப்பேன்னு நெனச்சேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இங்க எல்லாத்துக்கும் அது புடிச்சுப்போச்சு" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்திலிருந்த பெருமையை என்னால் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த மாதமே ஆபீசில் மேலதிகாரி கூப்பிட்டு, திருச்சியில் ஓர் இடம் காலியாகிறது, போகிறாயா என்றார். நான்கு ஆண்டுகளாக நான் கேட்டுக்கொண்டிருந்த இடம். கரூருக்குப் பக்கம். அங்கே போனால் அவர் மறுபடி என்னுடையவராகிவிடுவார், மொட்டைமாடி, இருட்டு, நான் ஒருத்தி மட்டும் கேட்பேன் என்று ஒரு இரவு முழுக்க நினைத்தேன். காலையில் அவர் பல் துலக்கிக்கொண்டே டோலக் தாளத்தை வாஷ்பேசின் மேல் தட்டிக்கொண்டிருந்தார். ஆபீசுக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவரிடம் இடம் வேறு யாருக்கோ போய்விட்டது என்றுதான் சொன்னேன். "அடடா, கவலப்படாத அம்மிணி, அடுத்த தடவ கெடைக்கும்" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். ஆனால் சமையலறைக்குப் போய் அவரே டீ போட்டார், இரண்டு பேருக்கும், சர்க்கரை தூக்கலாக. மறைக்கத் தெரியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுத்தது நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. அதை வாங்கிக்கொண்டுபோய் அவர் அமீர்பேட்டில்தான் செலவழிப்பார் என்பது எனக்குத் தெரியும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூடப் போகிறேன். யூசுப் பாய் முன்னால் வந்து உட்காரச் சொல்கிறார். நான் பின்வரிசையிலேயே நின்றுகொள்கிறேன். போன வாரம் வாசிப்பு நடந்துகொண்டிருக்கும்போது அம்மா கரூரிலிருந்து போன் செய்தாள். "அங்க என்ன கண்ணு சத்தம்? மாப்பள எங்க?" என்றாள். ஒரு காதில் அம்மா, மறு காதில் அந்த மெட்டு. இரண்டுமே சரியாகக் கேட்கவில்லை. போனை வைக்கவும் மனம் வரவில்லை, அங்கிருந்து நகரவும் முடியவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவே நின்ற முகம் தெரியாத மனிதர்களின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டே, "பக்கத்துலதாம்மா இருக்கறாரு" என்றேன்.