மத்தியானத்துக்கு மேல் வராத வேலைகள்

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பச்சை. முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'பச்சை'. பதினோரு வருடமாக அவர் பார்த்த வேலை அப்படி. சுவரில் ஒரு பெரிய திரை, அதில் நாற்பது கட்டம். நாற்பதும் பச்சையாக இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

துணி துவைக்கும் மெஷின், ஃபிரிட்ஜ் எல்லாம் பழுது பார்க்கிற கம்பெனி அது. நாற்பது ஊரில் சர்வீஸ் சென்டர். அந்தந்த சென்டரில் முடித்த வேலைகள் அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் ஏறும். காலை ஆறு மணிக்குத் தலைமை அலுவலகத்து சர்வர் ஒவ்வொரு சென்டராகக் கதவைத் தட்டி, நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்கும். ஐந்து நொடிக்குள் சொல்லி முடித்தால் பச்சை, இழுத்தால் மஞ்சள், முப்பது நொடி ஆனால் சிவப்பு. சிவப்பானதும் சர்வர் நிற்காது. அதுவரை வந்த கணக்கை எடுத்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போய்விடும். முதலாளி காலையில் பார்க்கிற ரிப்போர்ட் இப்படித்தான் தயாராகும்.

பன்னிரண்டாவது சென்டரின் கம்ப்யூட்டர் கிழடு. முப்பது நொடியில் காலை வேலைகளைச் சொல்லி முடிக்கவே அதற்கு மூச்சு வாங்கும். மத்தியானத்துக்கு மேல் செய்தவை வந்து சேராது. அந்த சென்டரில் மெஷின்களை வாங்கிச் சீட்டு எழுதுகிற மேஜையில் உட்கார்ந்திருப்பவள் பச்சையின் தங்கை. புருஷன் விட்டுப் போன வருடம், நாலு பேர் காலைப் பிடித்து அண்ணன் வாங்கிக் கொடுத்த வேலை.

கம்ப்யூட்டரை மாற்றச் சொல்லி அவர் நான்கு முறை எழுதினார். ஐந்தாவது முறை மேனேஜரிடம் நேரிலேயே போனார்.

"வர்ற வாரம் வெளிநாட்டு ஆளுங்க ஆபீஸ் பாக்க வர்றாங்க. செவுத்துல அந்தச் சிவப்பு இருக்கக் கூடாது. ஓய்வுல போட்டுடுங்க."

ஓய்வு என்பது ஒரு பட்டியல். ஒரு சென்டரின் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கிற நேரத்தில் அந்த சென்டரை அதில் போட்டு வைப்பார்கள். கட்டம் சாம்பல் நிறமாகும். சிவப்பானால் அடிக்கிற மணி அடிக்காது. கணக்கு பாதிதான் என்ற குறிப்பும் ரிப்போர்ட்டில் வராது. எத்தனை நொடி எடுத்தது என்று பதிவும் ஆகாது. சர்வர் மட்டும் வழக்கம்போலத் தட்டும், வழக்கம்போலப் பாதியில் கிளம்பிவிடும்.

"அதுல போட்டா அங்க என்ன நடக்குதுன்னு நமக்கே தெரியாது சார்."

"தெரிஞ்சு இத்தனை நாள் என்ன கிழிச்சீங்க?"

பச்சை அந்த சென்டரை ஓய்வில் போட்டார். முடியும் தேதி என்ற இடத்தைக் காலியாக விட்டார். அதைச் செய்தது அவர்தான், வேறு யாரும் அல்ல. வந்தவர்கள் திரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவரும் மறந்தார் என்று சொல்லலாம். மறக்கவில்லை. வாரா வாரம் 'கண்காணிப்பில் உள்ள அனைத்தும் சீர்' என்று எழுதிக் கையெழுத்துப் போடும்போதெல்லாம் அந்தச் சாம்பல் கட்டம் கண்ணில் பட்டது.

மூன்றாவது மாதம் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, வேலை பாதியாக் கொறஞ்சுடுச்சுன்னு மேலேருந்து திட்டி லெட்டர் வந்திருக்கு. இங்க குனிஞ்ச தலை நிமிர நேரமில்ல. என்னன்னு பாக்குறியா?"

"பாக்குறேம்மா," என்றார். பார்க்க என்ன இருக்கிறது, காரணம் அவருக்குத் தெரியும். ஆனால் கட்டத்தைத் திறந்தால் சிவக்கும். சிவந்தால், இத்தனை நாள் மூடி வைத்தது யார் என்று கேட்பார்கள். மேனேஜர் வாயால் சொன்னார். பட்டியலில் போட்டவர் என்று பதிவாகி இருப்பது பச்சையின் பெயர். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். அப்படி எத்தனையோ அடுத்த வாரம் போனது.

பிறகு முதலாளி கூட்டம் போட்டார். ரிப்போர்ட்டைத் திரையில் தள்ளிக் காட்டுவது பச்சையின் பொறுப்பு. பன்னிரண்டாவது சென்டர் வந்ததும் முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார்.

"காலைல ஒழுங்கா செய்றாங்க. மத்தியானத்துக்கு மேல ஒண்ணுமே காணோமே. சாப்ட்டுட்டுத் தூங்கிடுவாங்க போல."

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரித்துக்கொண்டே பச்சையைப் பார்த்தார். அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். போனால் அவர் ஒருவர் வேலை போயிருக்கும். அந்த சென்டரில் வேலை பார்த்த பதினோரு பேர் பிழைத்திருப்பார்கள். பச்சை வாயைத் திறக்கத்தான் செய்தார்.

"அடுத்த பக்கம் போகலாமா சார்?" என்று கேட்டார்.

அந்த மாதக் கடைசியில் சென்டரை இழுத்து மூடினார்கள். மறுநாள் தங்கை ஒரு பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். பை நிறையச் சீட்டு அடிக்கட்டைகள், ரப்பர் பேண்ட் போட்டு மாதவாரியாக.

"எல்லாம் மத்தியானத்துக்கு மேல முடிச்சது. ஒவ்வொண்ணுலயும் டைம் போட்டிருக்கேன் பாரு. நாங்க தூங்கினோம்னு சொன்னாங்களாமே. இத மேல காட்டுண்ணே."

அவர் ஒரு கட்டை எடுத்துப் புரட்டினார். இரண்டே கால். இரண்டு நாற்பது. மூன்று பத்து. தங்கையின் கையெழுத்து சின்ன வயதிலிருந்து மாறவே இல்லை. அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"நீ உக்காந்திருக்கிற எடத்துலருந்து இதெல்லாம் தெரியவே தெரியாதாண்ணே?"

"தெரியாதும்மா," என்றார்.

திங்கட்கிழமை பன்னிரண்டாவது கட்டத்தைத் திரையிலிருந்தே நீக்கினார். உறுதியாக நீக்கவா என்று கேட்டது, ஆம் என்றார். மிச்சம் முப்பத்தொன்பதும் பச்சை. மேனேஜர் வந்து தோளில் தட்டி, "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு" என்றார்.

பை அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது. தங்கை வாரம் ஒருமுறை போன் செய்து காட்டினாயா என்று கேட்கிறாள். "குடுத்துட்டேம்மா, பாத்துக்கிட்டு இருக்காங்க," என்கிறார் பச்சை. அண்ணன் பொய் சொல்ல மாட்டான் என்று அவளும் வேறு வேலை தேடாமல் காத்திருக்கிறாள்.