கோட்டைக்கு வெளியே ஒரு விடுதி

இது கட்டுக்கதை இல்லை. நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நடந்தது என் அண்ணிக்கு. அண்ணி ஒன்றை ஒன்பதாக்கிச் சொல்கிற ஆள் கிடையாது. பால் பொங்கி வழிந்தால்கூட "பொங்கிடுச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கிற ரகம். அவர் சொன்னதைத்தான் இங்கே சொல்கிறேன். கடைசி நாள் மட்டும் நானும் கூட இருந்தேன். என் காதால் கேட்டேன். இன்றைக்கும் எங்கேயாவது லிஃப்ட் கிளம்புகிற சத்தம் கேட்டால் நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிடுகிறேன்.

முதலில் அந்த வீடியோ கேமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் 'கோட்டை' என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைச் சொன்னால் கம்பெனிக்காரன் வழக்கு கிழக்கு என்று வந்து நிற்பான். உலகம் பூராவும் விளையாடுகிற வரிசை அது. ஒரு வாள்வீரன் மதில் ஏறிக் குதிப்பான். எதிரே வருகிற காவலாளிகளை எல்லாம் வெட்டித் தள்ளுவான். நான் ஒரு பாகம் விடாமல் விளையாடியிருக்கிறேன். எத்தனை காவலாளிகளை வெட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர்களைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்ததும் இல்லை.

அந்தப் பெரிய குடும்பத்தில் ஒரு சவலைப் பிள்ளையும் உண்டு. 'கோட்டைக்கு வெளியே ஒரு விடுதி' என்று ஒரு கிளை விளையாட்டு. என்றைக்கோ ஒரு சின்னக் கையடக்க விளையாட்டுப் பெட்டியில் வந்ததாம். யாரும் வாங்கவில்லை. சத்தம் போடாமல் காணாமல் போய்விட்டது. அதில் வாள் இல்லை, சண்டை இல்லை. நீங்கள் ஒரு கிழட்டு விடுதிக்காரர். யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். அறை கொடுக்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும். விடிந்ததும் அவர்கள் கிளம்பிப் போய்விடுவார்கள். அவ்வளவுதான். 'கோட்டை' என்றால் எனக்கு எல்லாம் அத்துப்படி என்று பீற்றிக்கொண்டு திரிந்த நானே அதைக் கேள்விப்பட்டதில்லை.

திடீரென்று கம்பெனிக்கு ஞானோதயம் வந்து, அதைத் தூசு தட்டிப் பல மொழிகளில் வெளியிடப் போவதாக அறிவித்தது. தமிழ் வேலை சுற்றிச் சுற்றி அண்ணியிடம் வந்து சேர்ந்தது. அண்ணி வீட்டிலிருந்தே மொழிபெயர்க்கிறவர். அண்ணன் போன பிறகு அவருக்கு அந்த வேலைதான் துணை.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று "போயிட்டு வரேன்" என்றார். அண்ணி அடுப்படியில் இருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல் "ம்" என்றார். சாயங்காலம் தகவல்தான் வந்தது. வேலை பார்த்த கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் விழுந்துவிட்டார்.

"வாசல் வரைக்கும்கூடப் போகல தம்பி." அண்ணி இதை எத்தனை முறை சொன்னாரோ.

இந்த மொழிபெயர்ப்பு வேலையில் ஒரு கூத்து உண்டு. விளையாட்டைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். வெறும் வாக்கியங்கள் வரிசையாக வரும். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எதுவும் தெரியாது. ஒரே வாக்கியம் பல இடங்களில் வந்தால் ஒரு முறை எழுதினால் போதும், மிச்ச இடங்களை எல்லாம் கம்ப்யூட்டரே நிரப்பிக்கொள்ளும்.

அப்படி வந்த ஒரு வாக்கியம், இப்போது கிளம்புகிறேன் என்ற அர்த்தத்தில் இருந்தது. அண்ணி யோசிக்கவே இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது நம்மில் யார் "போறேன்" என்று சொல்கிறோம்? சொன்னால் "வாயைக் கழுவு" என்று திட்டு விழும். அண்ணி 'போயிட்டு வரேன்' என்று அடித்தார். விடுதியில் தங்கிய அத்தனை பேர் வாயிலும் கம்ப்யூட்டர் அதையே போட்டு நிரப்பியது.

ஒரு வாரம் கழித்துப் பூச்சி கூப்பிட்டாள். விளையாட்டுகளில் இருக்கிற பிழைகளைத் தேடிப் பிடிக்கிற பெண். பிழைகளை அவர்கள் பூச்சி என்பார்கள், அதனால் அவளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

"அக்கா, ஒரு சிக்கல். ரூமைக் காலி பண்ணிட்டுப் போன ஆளுங்க திரும்ப வராங்க."

"அதுக்கு நான் என்ன பண்றது? ப்ரோக்ராம் எழுதுறவங்ககிட்ட சொல்லு."

"சொல்லிட்டேன். மத்த மொழியில எல்லாம் ஒழுங்காப் போயிடறாங்க. தமிழ்ல மட்டும்தான் வராங்க."

அண்ணி சிரித்துவிட்டார். "ஓசி ரூம்னா நம்ம ஆளுங்க விடுவாங்களா?"

பூச்சி சிரிக்கவில்லை.

"அவங்க யாருன்னு தெரியுமாக்கா? 'கோட்டை'யில ஹீரோ வெட்டிப் போடுறானே காவலாளிங்க... அவங்கதான். செத்ததுக்கு அப்புறம் ஒரு ராத்திரி இங்க தங்கிட்டுப் போவாங்க. ஒரேயடியா. நீங்க 'வரேன்'னு எழுதிட்டீங்க."

அண்ணி போனை வைத்தார். பட்டப்பகல். மணி மூன்று இருக்கும். தெருவில் யாரோ குப்பைத்தொட்டியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம்.

அப்போது லிஃப்ட் வந்தது.

அந்தக் கட்டடத்து லிஃப்ட் பழையது. முனகிக்கொண்டே ஏறும். நிற்கும்போது 'டங்' என்று ஒரு குலுக்கல். பிறகு கம்பிக் கதவு 'கிரீச்' என்று திறக்கும். மூன்றாவது மாடியில், அண்ணி வீட்டுக்கு எதிரே நின்றது. திறந்தது. காலடிச் சத்தம் இல்லை.

டொக்... டொக் டொக்.

விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். அந்த வீட்டுக் காலிங் பெல் வேலை செய்யாது. ஊர் லிஃப்டை எல்லாம் ஓட வைத்தவர், வீட்டுப் பெல்லைக் கடைசி வரைக்கும் சரி பண்ணவே இல்லை. வருகிறவர்கள் கதவைப் படபடவென்று அடிப்பார்கள். விரல் முட்டியால் இப்படி, ஒன்று விட்டு இரண்டு தட்டுகிறவர் ஒரே ஒருத்தர்தான்.

அண்ணி கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தார். வராந்தா காலி. லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு மூடி, கீழே இறங்கிப் போயிற்று. கதவிடுக்கு வழியாகக் கிரீஸ் வாசனை வந்தது.

அண்ணி யாரிடமும் மூச்சு விடவில்லை. பூச்சியிடம் சொல்லி அந்த விளையாட்டை வாங்கித் தன் லேப்டாப்பில் போட்டுக்கொண்டார். பயம் இருந்தது. அதைவிட ஆசை அதிகமாக இருந்தது. இதை அண்ணியே என்னிடம் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் விளையாடினார். ஒவ்வொருவராகப் போனார்கள். 'போயிட்டு வரேன்.' ஒவ்வொருவராக வந்தார்கள். தலைக்கவசத்துக்குள் முகம் தெரியவில்லை. ஒருவன் போகும்போது கையில் ஈட்டி இருந்தது. வரும்போது இல்லை. அடுத்த முறை நிழல் இல்லை.

பூச்சியைக் கூப்பிட்டார்.

"நானும் பாத்தேன் அக்கா. திரும்பித் திரும்பி வரும்போது கொஞ்சம் கொஞ்சமா குறையிறாங்க. நேத்து வந்தவனுக்கு இன்னைக்குக் கை இல்ல. சீக்கிரம் அந்த வார்த்தையை மாத்துங்க."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே லிஃப்ட் வந்தது. டங். கிரீச்.

டொக்.

ஒரே ஒரு தட்டல். மெதுவாக.

அதற்கு அடுத்த நாள்தான் அண்ணி என்னைக் கூப்பிட்டார். "மத்தியானம் வர முடியுமா தம்பி?" அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னார். "சரியாத் தூங்கலையா அண்ணி?" என்று கேட்டேன். அண்ணி என்னை முறைத்தார்.

பூச்சியிடமிருந்து போன். சாயங்காலத்துக்குள் மாற்றி அனுப்ப வேண்டும் என்றாள். அண்ணி 'ம்' கொட்டிவிட்டு வைத்தார். கை மட்டும் நகரவில்லை.

"மாத்திட்டா அவர் வரமாட்டார் தம்பி."

மாற்றச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை. எனக்கும் அவர் அண்ணன்தானே.

திரையில் விடுதிக் கதவு திறந்தது. ஒருவன் உள்ளே வந்தான். தலைக்கவசம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. கையில் ஈட்டி இல்லை... தோளில் ஒரு பை.

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

கீழே லிஃப்ட் கிளம்பியது.

முனகிக்கொண்டே... ஏறியது...

டங்.

கிரீச்.

காலடி இல்லை.

தட்டலும் இல்லை.

சர்ர்ர்... சர்ர்ர்...

சுரண்டல். கதவின் அடியில். தரையை ஒட்டி.

"தட்டக் கை இல்ல தம்பி..." என்றார் அண்ணி.

எழுந்து நடந்தார். நான் நாற்காலியோடு ஒட்டிப்போயிருந்தேன். அண்ணி கதவருகே மண்டியிட்டார். சுரண்டல் கேட்ட இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

சுரண்டல் நின்றது.

"போதும். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு வராதீங்க. எனக்குத் தாங்கல. போங்க."

தாழ்ப்பாளைத் தொடவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். மொழிபெயர்ப்பு ஃபைலைத் திறந்து 'போயிட்டு வரேன்' என்பதை அழித்தார். 'போறேன்' என்று அடித்தார். அனுப்பினார்.

திரையில் அந்த ஆள் திரும்பினான். அவன் தலைக்கு மேல் எழுத்து வந்தது. 'போறேன்.' விடுதிக் கதவு சாத்திக்கொண்டது.

வெளியே லிஃப்ட் இறங்கியது. சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அண்ணன் போன அன்றைக்குக்கூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

"இந்தத் தடவ வாசல் வரைக்கும் போனேன் தம்பி," என்றார்.

அதன் பிறகு வெகுநாள் ஒரு தொந்தரவும் இல்லை. அண்ணி தூங்கினார், சாப்பிட்டார், வேறு வேலை எடுத்துக்கொண்டார். நானும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். விளையாட்டு வெளியாகி ஒரு மாதம் கழித்துப் பூச்சி கூப்பிட்டாள். அண்ணியை இல்லை, என்னை.

"அக்காகிட்ட சொல்லாதீங்கண்ணா. அந்தத் திருத்தம் போய்ச் சேரவே இல்ல. அதுக்கு முந்தின நாளே கம்பெனியில ஃபைலை மூடிட்டாங்களாம். அக்கா மாத்தினது அவங்க லேப்டாப்புல மட்டும்தான் மாறியிருக்கு. வெளிய வந்ததுல பழைய வார்த்தைதான் இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்."

"விளையாடினவங்க எழுதியிருக்கிறதைப் படிங்க."

படித்தேன். தமிழில் விளையாடியவர்கள் எழுதிய கருத்துகள். வேறு வேறு ஊர்க்காரர்கள். ஒருவர் எழுதியிருந்தார்: 'கேம் பரவாயில்லை. ஆனா மத்தியானத்துல விளையாடினா யாரோ கதவைச் சுரண்டுற மாதிரி இருக்கு.' இன்னொருவர்: 'எங்க வீட்டுலயும்தான். எலின்னு நினைச்சேன்.' அதற்குக் கீழே ஒரு பெண்: 'எனக்குக் குரலே கேட்டுச்சுங்க. மேனேஜர் இருக்காங்களான்னு யாரோ கேட்டாங்க. இது வீடுங்க, ஆபீஸ் இல்லன்னு சொல்லிக்கிட்டே திறந்தேன். யாருமே இல்ல.'

'மேனேஜர்' என்ற அந்த வார்த்தையை மறுபடியும் படித்தேன்.

அண்ணன் வீட்டில் அண்ணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இந்த வீட்டுக்கு இவதான் எல்லாம் என்று, கல்யாணமான புதிதிலிருந்தே 'மேனேஜர்' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் குடும்பத்துக்கு வெளியே ஒரு ஈ காக்கைக்குக்கூட அது தெரியாது.

உடனே கிளம்பி அண்ணி வீட்டுக்குப் போனேன். கதவு அகலத் திறந்து கிடந்தது. அண்ணி மேஜையில் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"படிச்சிட்டீங்களா அண்ணி?"

"படிச்சேன். பாவம் தம்பி... நான் திறக்கலேன்னு இது நம்ம வீடு இல்லன்னு நினைச்சுட்டார் போல. கண்ட கண்ட வீட்டுக் கதவுல எல்லாம் போய் நிக்கிறார்."

எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கருத்துக்கும் கீழே அண்ணி பதில் எழுதியிருந்தார். மறுபடி யாராவது வந்து கேட்டால் இந்த விலாசத்தைச் சொல்லுங்கள் என்று. கட்டடத்தின் பெயர், தெரு, மூன்றாவது மாடி, லிஃப்டுக்கு எதிர்க் கதவு... எல்லாம்.

அந்தப் பெண் மட்டும் பதில் போட்டிருந்தாள். நான் போய் நிற்பதற்குச் சற்று முன்னால்தான்.

'இப்பதாங்க வந்தார். விலாசம் சொல்லிட்டேன். சரிம்மா, வரேன்னு சொன்னார்.'

இதை அண்ணி வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கதவைச் சாத்தலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.