ரூம் பாய் கலைமணி

காலை ஆறே காலுக்குச் செய்தி வந்தது. சுமலதா குழாயடியில் வாளி வைத்திருந்தாள். போனில் கலைமணியின் தங்கை. "அக்கா போயிருச்சு, சுமா. நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆஸ்பத்திரி போய்ச் சேரல." வாளி நிரம்பி வழிந்தது. குழாயை மூட வேண்டுமென்றுகூட சுமலதாவுக்குத் தோன்றவில்லை.

இருவரும் கொடைக்கானலில் ஒரே லாட்ஜில் வேலை. கலைமணியின் பெற்றோர் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அந்தப் பேச்சு அவளிடம் ஒட்டியிருந்தது. காலையில் மேனேஜர் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிப்பதை அவள் 'பெரட்டு' என்பாள். "வெரசா வாங்கடி, பெரட்டுக்கு நேரமாச்சு!" அவள் சொல்லிச் சொல்லி லாட்ஜ் முழுக்க அதுவே பெயராகிவிட்டது.

அவள் வேலைக்குச் சேர்ந்த கதையே வேடிக்கை. சிபாரிசு செய்தவர் பெயரை மட்டும் சொல்லியிருந்தார். கலைமணி என்றதும் ஆண் என்று நினைத்து, ரூம் பாய் வேலை, இன்ன சம்பளம் என்று முடிவு செய்துவிட்டார்கள். சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றவளைப் பார்த்து மேனேஜர் கதிர்வேல் தலையைச் சொறிந்தார்.

"ஆம்பளைன்னுல்ல நெனைச்சோம்! சரி, கிளீனிங் அக்காவா இருந்துக்கம்மா."

"வேலை என்னங்க சார்?"

"அதே வேலைதான்."

"சம்பளம்?"

அவர் சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். மாதக் கடைசியில் தெரிந்தது. பக்கத்து அறையில் அதே மெத்தையை விரித்து, அதே கக்கூஸைக் கழுவிய பாலகுமார் ரூம் பாய், அவனுக்குக் கூடுதல்.

"பேரு மாறல, வேலை மாறல. சேலையப் பாத்ததும் சம்பளம் மட்டும் எப்படிங்க சார் மாறுச்சு?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் வருஷக்கணக்காகக் கேட்டாள்.

ஒரே வேலைக்கு ஆண், பெண் என்று கூலி பிரிக்கக் கூடாதென்று சட்டமே இருப்பது, வத்தலக்குண்டில் நடந்த ஒரு சங்கக் கூட்டத்தில் அவள் காதில் விழுந்தது. மறுவாரமே திண்டுக்கல் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தாள். மற்ற மூன்று பெண்களும் பயந்து ஒதுங்கினார்கள். அவர்களில் சுமலதாவும் ஒருத்தி.

விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது கலைமணி போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் பெரட்டில் கதிர்வேல் தொண்டையைச் செருமினார். "பாவம், நல்ல மனுஷி. மனு கொடுத்தவங்களே இல்ல. இனி யாரும் திண்டுக்கல் போய் அலைய வேணாம்."

"ஆளுதான சார் போச்சு? மெத்தை விரிக்கிற சோலி அப்படியேதான கெடக்கு?" என்றாள் சுமலதா. "நாளைக்கு எங்க மூணு பேருக்கும் லீவு வேணும்."

"எதுக்கு?"

"அவங்க கேட்டத நாங்க கேக்கப் போறோம்."

பின்வரிசையில் பாலகுமார் முணுமுணுத்தான். "போய்ட்டு வாங்கக்கா. என் ரூமோட உங்க ரூமையும் சேத்துப் பாத்துக்கிறேன். நானும் ஒரு நாள் கிளீனிங் அக்காவா இருக்கேன்." அந்த வாரத்தில் முதல் முறையாக எல்லோரும் சிரித்தார்கள்.

வெள்ளனே முதல் பஸ்ஸில் மலை இறங்கினார்கள். திண்டுக்கல்லில் அதிகாரி கேட்டார். "நீங்கள்லாம் என்ன வேலைம்மா?"

"கிளீனிங்..." என்று ஆரம்பித்த ஒருத்தியின் கையை சுமலதா அழுத்தினாள்.

"ரூம் பாய், சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அறைப் பணியாளர்னு எழுதிக்கவா?"

"எப்படி வேணா எழுதுங்க. பக்கத்து அறை பாலகுமாருக்கு என்ன எழுதுவீங்களோ, அதையே எங்களுக்கும் எழுதுங்க."

அவர் எழுதிக்கொண்டார். கலைமணியின் மனு முடியவில்லை, இவர்கள் மூவர் பெயரிலும் தொடரும் என்றார்.

திரும்பி வந்ததும் சுமலதா ஒன்பதாம் நம்பர் அறையைத் திறந்தாள். கலைமணி கடைசியாகச் சுத்தம் செய்த அறை; அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. இறந்ததற்கு முந்தின சாயங்காலம், வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பாதியில் கிளம்பியிருந்தாள். விரிப்பில் ஒரு சுருக்கமில்லை. இரண்டாவது தலையணைக்கு மட்டும் இன்னும் உறை போட்டிருக்கவில்லை.