அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்

வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வருகிறவர்களின் சாமான்களைப் பிரித்து அடுக்கிக் கொடுப்பது என் பிழைப்பு. எவ்வளவு பெரிய சோபாவையும் மாடியேற்றிவிடலாம், வந்தவர்களை ஊரில் உட்கார வைப்பதுதான் பெரும்பாடு.

மைசூரில் இந்த வேலையில் சேர்ந்தபோது நானே மஸ்கட்டிலிருந்து புதிதாகத் திரும்பியவன். அங்கே கிடங்கு மேற்பார்வை. பழைய முதலாளி விடுவதாக இல்லை. நவராத்திரி வரை என் இடத்தை யாருக்கும் கொடுக்க மாட்டாராம். போவதா, இருப்பதா? என் மனைவி சாந்தி எதுவும் கேட்பதில்லை. கேட்டிருந்தால்கூடச் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். ஊர் திரும்பியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, கால் ஓரிடத்தில் நிற்காது.

கோயம்புத்தூர் கிரைண்டர்

குவெம்புநகரில் ஒரு வீடு. அமெரிக்காவிலிருந்து வந்த தம்பதி. பெட்டிகளைப் பிரித்ததும் அந்த அம்மாள் முதலில் தேடியது கிரைண்டரைத்தான். காலையிலேயே அரிசியை ஊறப் போட்டிருந்தார். கிரைண்டர் கோயம்புத்தூரில் செய்ததுதான், ஆனால் அமெரிக்க மின்சாரத்துக்கென்று செய்தது. அங்கே நூற்றுப்பத்து வோல்ட், இங்கே இருநூற்று முப்பது. "சார், நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைக்கணும்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கணவர் சுவிட்சைத் தட்டிவிட்டார். ஒரே ஒரு உறுமல், பிறகு கருகல் வாடை.

அவர் அசடு வழிய நின்றார். அம்மாள் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை, அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அங்கே பனி கொட்டறச்சேகூட வாராவாரம் ஓடித்து. நம்மூருக்கு வந்ததும்தான் இதுக்கு ஒத்துக்கலை."

புகை மணி

இன்னொருவர் லண்டனிலிருந்து வந்தவர். கிருகப்பிரவேசத்துக்கு முன்பாகவே, கொண்டுவந்த புகை எச்சரிக்கை மணியைக் கூடத்துக் கூரையில் தன் கையாலேயே மாட்டிவிட்டார். பாதுகாப்பு முக்கியமாம். ஹோம குண்டத்தில் நெய் விழுந்ததுதான் தாமதம், மணி வீறிட்டது. மந்திரம் நின்றது. வந்திருந்தவர்கள் பாதிப் பேர் வாசலுக்கு ஓடினார்கள். நான் ஸ்டூல் போட்டு ஏறி பேட்டரியைக் கழற்றினேன். புரோகிதர் காதிலிருந்து விரலை எடுத்தார்.

"ஏன் ஸ்வாமி, உங்க மெஷினுக்கு அக்னின்னா ஆகாதா?"

முருகேசனின் ஜோசியம்

என்னோடு வேலை செய்யும் முருகேசன் கொள்ளேகால் பக்கம் கௌதள்ளிக்காரன். சாமான்களைப் பிரித்து முடித்ததும் காலி அட்டைப்பெட்டிகளை நாங்களே எடுத்துப் போய்விடுவது வழக்கம். "கொண்டு போங்க, இடத்தை அடைக்குது" என்று சொல்கிறவர்கள் ஊரில் தங்கிவிடுவார்கள், "நல்ல பெட்டி, தூக்கிப் போடாதீங்க, மடிச்சுப் பரண்மேல வையுங்க" என்கிறவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்பது அவன் கணிப்பு. நான் சிரித்தேன். ஜெயலட்சுமிபுரத்தில் அப்படிப் பெட்டிகளைப் பரணேற்றிய ஒருவர், மறுபடி கட்டிக் கொடுக்க எங்களையே கூப்பிட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது. அதே பெட்டிகள், நாங்கள் கிழித்த டேப்பின் தடம்கூட அப்படியே இருந்தது. லாரிக்குத் தார்ப்பாய் கட்டும்போது முருகேசன் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"உங்க ஊட்டுப் பொட்டியெல்லாம் என்னங்ணா பண்ணுனீங்க?"

எங்கள் வீட்டுப் பரண்

நான் தார்ப்பாய்க் கயிற்றை இன்னொரு சுற்று இழுத்துக் கட்டினேன். எங்கள் பெட்டிகள் பரண்மேல்தான் இருந்தன, மடித்து, கயிறு போட்டு.

நவராத்திரிக்கு முந்தின நாள் மஸ்கட் முதலாளி போன் செய்தார். இன்றைக்குள் சொல்லிவிட வேண்டுமாம். போய்விடலாம் என்றே அந்த நிமிஷம் தோன்றியது. வீட்டுக்குப் போய்ச் சாந்தியிடம் சொல்லிவிட்டுப் பெட்டிகளை இறக்குவது என்று ஸ்கூட்டரை விரட்டினேன்.

கதவைத் திறந்தால் கூடத்தில் கொலு! எங்கள் வீட்டிலும் சரி, கொள்ளேகாலில் சாந்தி பிறந்த வீட்டிலும் சரி, கொலு வைத்ததே கிடையாது. மேல்படியில் ராஜாவும் ராணியும் நின்றார்கள். பொம்மைகளெல்லாம் எதிர்வீட்டு அக்கா கொடுத்தவை. படி ஏது என்று, மேலே விரித்திருந்த என் வேட்டியைத் தூக்கிப் பார்த்தேன். எங்கள் மஸ்கட் பெட்டிகள். உள்ளே பழைய பேப்பரைத் திணித்து, உயரத்துக்குத் தகுந்தபடி வெட்டி, ஒன்றோடு ஒன்றை ஒட்டியிருந்தாள். இனி அவற்றில் ஒரு டம்ளரைக்கூடக் கட்ட முடியாது.

எனக்குக் கோபம் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? அப்புறம்தான் உறைத்தது, நானும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாந்தி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

"கொலு ஒருக்கா வெச்சா வருசா வருசம் வெக்கோணுமாம், நடுவுல உடக்கூடாதாம். நானும் வெச்சுட்டனுங்க."

மஸ்கட்டுக்குப் போன் செய்து, பெட்டிமேல் பொம்மை ஏறிவிட்டது, அதனால் வர முடியாது என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது, உங்களுக்குப் புரியும்.